ஊதா நிறக் கழுதை

பேசாலையைத் தாண்டித் தலைமன்னாருக்குப் போகிற றோட்டில் பாதி வழியில் இறங்கி, பனங்கூடலுக்குள்ளால் வடக்கே கடலைப் பார்த்து நடந்தால் சங்குப்பாடு வரும். அந்த ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் கழுதைக்குப் பஞ்சம் வந்ததில்லை. யாருக்கும் சொந்தமில்லாமல், யாரையும் மதிக்காமல், அவை தங்கள் பாட்டில் திரியும். கிராமச் சபைத் தலைவர் சிங்கராசாவின் கார் எத்தனை தரம் ஹோர்ன் அடித்தாலும் விலகாத சீவன்கள் ஊரில் அவை மட்டுந்தான். அதனால் பஸ்ரியன் மாஸ்ரர் ஒரு பகிடிப் பத்திரிகை தொடங்கி அதற்குக் ‘கழுதை’ என்று பெயர் வைத்தபோது யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மாதம் ஒன்று, நாலே நாலு பக்கம். மன்னார்ப் பட்டினத்தில் பாலசிங்கத்தின் அச்சகத்தில் நானூறு பிரதி அடித்து பஸ்ஸில் வரும். மாஸ்ரர் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்த பிறகு அவரும் அரசாங்க உத்தியோகத்தர். அரசியல் எழுதினால் வேலை போகும். ஆகவே பத்திரிகையில் அவர் பெயர் இருக்காது. அவர்தான் ஆள் என்பது ஊருக்கெல்லாம் தெரியும், ஆனால் எழுத்தில் எங்கும் இல்லை.

முதல் மூன்று பக்கத்தில் சபைக் கூட்டங்களைப் பற்றிய பகிடிகள் இருக்கும். சனம் அதையெல்லாம் பிறகு பார்க்கலாம் என்று கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பும். அங்கே ஒவ்வொரு மாதமும் சங்குப்பாட்டுக் கழுதை ஒன்று தலைவருக்குக் கடிதம் எழுதும். மிகவும் பணிவான கடிதம். வாசித்து முடிப்பதற்குள் தேத்தண்ணி புரையேறும்.

அந்தக் கடிதத்தை எழுதுகிறவள் மாஸ்ரரின் மனைவி லூசியா. ஊருக்கு அது தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ‘கழுதைக் கடிதம் திறம், மாஸ்ரர்’ என்று ஆட்கள் சொன்னால் மாஸ்ரர் வெட்கத்தோடு சிரிப்பார். ஆரம்பத்தில் வீட்டுக்கு வந்து அவளிடம் அந்தப் புகழை ஒப்படைப்பார். போகப் போக ஒப்படைக்க மறந்துபோனார். லூசியா அதைப் பெரிதுபடுத்தவில்லை. பெருந்தன்மை என்று நினைக்கவேண்டாம். புட்டு அவிகிற நேரத்துக்குள் கடிதத்தை முடிக்கவேண்டியவளுக்கு மனத்தாங்கல்பட நேரம் கிடைப்பதில்லை. ஆனால் மனத்தாங்கல் இருந்தது.

அறுபத்தேழாம் ஆண்டு ஆனி மாதம். சோளகக் காற்று மன்னார்த் தீவின் தெற்குப் பக்கத்தைப் போட்டு அடித்துக்கொண்டிருக்க, வடக்குக் கரை குளம்போலக் கிடந்தது. கரைவலைக்கு நல்ல காலம். விடியச் சாமத்தில் வளைத்த வலை காலை எட்டு மணிக்குக் கரை ஏறும்போது சூடையும் சாளையும் பாரையும் மடி நிறைய இருக்கும். இருந்து என்ன? ஐஸ் இல்லை. லொறிக்காரருக்கு அது தெரியும். பனைமர நிழலில் சாய்ந்து பீடி பிடித்தபடி, வெயில் ஏறி மீனின் கண் வெளிறுகிற வரைக்கும் விலை பேசாமல் இருப்பார்கள். பிறகு அவர்கள் சொன்னதுதான் விலை.

இதற்காகத்தான் சபை மூன்று வருடத்துக்கு முன் கடற்கரையில் ஒரு ஐஸ் அறை கட்டியது. நாலு சுவர், மேலே கூரை, வாசலில் பெயர்ப்பலகை. யந்திரம் வரும் வரும் என்றார்கள். கதவும் வரவில்லை. கழுதைகள்தான் வந்தன. வெயில் நேரத்தில் அந்த ஊரிலேயே அதைவிடக் குளிர்ச்சியான இடம் அவற்றுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது அந்த அறையை இருபதாம் திகதி கொழும்பிலிருந்து ஒரு பெரிய உத்தியோகத்தர் வந்து திறக்கப்போகிறார் என்று தலைவர் அறிவித்திருந்தார். லூசியாவின் தம்பி சந்தியோகு கரைவலையில் கயிறு இழுக்கிறவன். அவன்தான் வந்து உள்கதையைச் சொன்னான். அன்று ஒரு நாளைக்குப் பட்டினத்திலிருந்து லொறியில் ஐஸ் கொண்டுவந்து அறைக்குள் அடுக்கப்போகிறார்களாம். இறக்குவதற்கு அவனையும் கேட்டிருக்கிறார்கள். உத்தியோகத்தர் பார்த்து, கையெழுத்து வைத்துவிட்டுப் போனால் கணக்கு முடிந்தது. அதன்பிறகு அரசாங்கப் புத்தகத்தில் சங்குப்பாட்டுக்கு ஐஸ் அறை உண்டு. இனி ஒருவரும் கேட்கமுடியாது.

லூசியா அன்றே உட்கார்ந்து கடிதத்தை எழுதினாள். மாஸ்ரர் அதைக் கொண்டு பட்டினத்துக்குப் போனார். பின்னேர பஸ்ஸில் அதே கடிதத்தோடு திரும்பி வந்தார்.

பாலசிங்கம் நல்ல மனிதர்தான். ஆனால் சபையின் நோட்டீஸ்களும் அவரிடந்தான் அடிக்கப்பட்டன. கழுதை வேண்டுமா, சபை வேண்டுமா என்று தலைவர் சொல்லி அனுப்பியிருந்தார். ‘என்ர வீட்டில ஆறு வயிறு மாஸ்ரர்’ என்று பாலசிங்கம் கண்ணைப் பார்க்காமல் சொன்னாராம்.

மாஸ்ரர் கதிரையில் சாய்ந்தார். “விடுவம் லூசியா. மூண்டு வருசம் நடத்தினம், காணும். இவன் சிங்கராசா இப்ப கடிக்கிறதுக்கு நிக்கிறான். என்ர வேலையும் போனா நீயும் பிள்ளையளும் என்ன செய்யிறது?”

லூசியா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். சீவுவதை நிறுத்தவில்லை.

“அப்ப நான் எழுதினதை என்ன செய்யிறது? அடுப்புக்க வைக்கட்டோ?”

‘நான் எழுதினது’ என்ற சொல் மாஸ்ரருக்கு எங்கேயோ பட்டது. லூசியா விடவில்லை.

“நாங்கள் பேசாமல் இருந்தா அது ஐஸ் அறை எண்டே ஆகிப்போம். சந்தியோகு இழுக்கிற மீன் அவன்ர பிள்ளையளின்ர காலத்திலயும் அழுகும். எனக்கு இந்தக் கடிதம் வெளியால வரவேணுமப்பா. அச்சில வராட்டி வேற எதிலயாவது வரட்டும்.”

அந்தக் கடைசிப் பக்கம் ஒன்றுதான் இந்த உலகத்தில் அவள் தன் மனதில் பட்டதைப் பட்டபடி சொல்கிற இடம். அது போனால் மிச்சம் இருப்பது புட்டும் செதிலுந்தான். அதை அவள் அவரிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அழுதிருப்பாள்.

அன்றிரவு சாப்பிடும்போது மாஸ்ரருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் வினாத்தாள் பிரதி எடுக்க ஒரு தட்டு வைத்திருந்தார்கள். தட்டில் களி மாதிரி ஒரு பொருள் உறைந்து கிடக்கும். ஒரு வகை ஊதா மையால் எழுதிய தாளை அதன்மேல் கவிழ்த்து எடுத்தால் எழுத்து களியில் இறங்கிவிடும். பிறகு வெறுந்தாளை ஒவ்வொன்றாக வைத்து எடுத்தால் அதே எழுத்து வரும். நாற்பது ஐம்பது தாள் வரைக்கும் ஓடும். ஆனால் அந்தக் களிக்குக் கொழும்புக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் குழம்பை ஊற்றினார்.

“களி எண்டா எப்பிடி? கடப்பாசி மாதிரியோ?” என்று லூசியா கேட்டாள்.

மாஸ்ரரின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

எருக்கலம்பிட்டியிலிருந்து பாய் விற்க வருகிற கைருன்னிசா, பாயோடு சேர்த்துக் காயவைத்த கடற்பாசியும் கொண்டுவருவாள். நோன்பு காலத்தில் அவர்கள் அதைக் காய்ச்சி வடித்து உறையவைத்துத் துண்டு துண்டாக வெட்டிச் சாப்பிடுவார்கள். மறுநாள் வந்தவளை லூசியா பாய்க் கட்டோடு குசினிக்குள் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னாள். கைருன்னிசா ‘கழுதை’யின் பழைய வாசகி. வாசிக்கத் தெரியாது, மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறவள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்பை மூட்டினாள்.

களி அருமையாக உறைந்தது. நத்தார் கேக் தட்டில் கண்ணாடிபோலக் கிடந்தது. லூசியா மேலே துணி போட்டு மூடிவிட்டுப் பூசைக்குப் போய் வந்து பார்த்தால், தட்டு முழுக்கக் கட்டெறும்பு. கைருன்னிசா தலையில் கைவைத்தாள். இருபது வருடமாகக் காய்ச்சுகிற கை. காய்ச்சும்போது சீனியும் ஏலக்காயும் தானாகவே விழுந்துவிட்டன.

“நோம்பு துறக்கிற நினைப்பிலயே காச்சிட்டன் புள்ள. தலைவருக்கு இனிப்பா ஒரு கடுதாசி போகட்டுமெண்டு படைச்சவன் நினைச்சிருப்பான்,” என்றாள் அவள். இரண்டு பெண்களும் அடுப்படியில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார்கள். களியைப் பிள்ளைகள் எறும்பைத் தட்டிவிட்டுத் தின்று முடித்தன.

இரண்டாவது தரம் சீனி இல்லாமல் காய்ச்சினார்கள். களி தண்ணீர் விட்டது, வைத்த தாள் நனைந்து கூழாகியது. கிளிசரின் சேர்க்கவேண்டும் என்று மாஸ்ரருக்கு ஞாபகம். கிளிசரினுக்கும் மைக்கும் ஊரில் இருந்த ஒரே இடம் மருந்துச்சாலை. அதை நடத்துகிற அப்போதிக்கரி யோகராசா திருக்கேதீஸ்வரப் பக்கத்து ஆள், அதிகம் பேசமாட்டார். சோளக காலம் முழுவதும் அவருடைய வேலை ஒன்றுதான். தும்புக் கயிறு அறுத்த உள்ளங்கைகளோடு காலையில் வரிசையாக வருகிறவர்களுக்கு ஊதா மருந்து பூசுவார். மீன் முள் குத்திய பெண்களின் கைக்கும் அதே மருந்து. பூசினால் ஒரு கிழமைக்கு நிறம் போகாது.

லூசியா கேட்டதை அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டார். உள்ளே போய் ஒரு போத்தல் கிளிசரினும், ஊதா மருந்தின் இன்னும் கரைக்காத தூளில் ஒரு பொட்டலமும் கொண்டுவந்து வைத்தார்.

“இதுதான் அது,” என்றார். “கலாசாலைத் தட்டுக்குப் போடுற மையும் இந்தச் சாதிதான். தண்ணி கொஞ்சமா விடுங்கோ. கையில பட்டாப் போகாது, கவனம்.”

கிளிசரின் விட்டுக் காய்ச்சிய மூன்றாவது களி தண்ணீர் விடவில்லை. விடியற்காலையில் காற்று எழும்புவதற்கு முன் வேலை நடந்தது. மாஸ்ரரின் கையெழுத்து, பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எல்லாரும் பார்த்தது. அதனால் லூசியாவே இரும்புப் பேனையால் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். தாளைக் களியில் கவிழ்த்து, உள்ளங்கையால் மெல்லத் தடவி, ஐந்து நிமிடம் பொறுத்து உரித்தாள். களியின்மேல் எழுத்துகள் இடம் வலம் மாறி, ஊதாவாக, ஒன்றும் சிதையாமல் கிடந்தன. முதல் வெறுந்தாளை வைத்து எடுத்தபோது கடைசிப் பக்கம் முழுவதும் அதில் இருந்தது. லூசியா தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்தே வந்திருந்தது. மாஸ்ரர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக வாங்கிக் கொடியில் போட்டார். நாற்பத்துநாலு தாள் தேறியது.

அதில் இருந்தது இது:

‘கனம் தலைவர் அவர்களுக்கு, சங்குப்பாட்டுக் கழுதைகள் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. தாங்கள் எங்களுக்குக் கட்டித்தந்த வீட்டில் மூன்று வருடமாகச் சுகமாக இருக்கிறோம். வாசலில் வேறு ஏதோ பெயர் எழுதியிருப்பதாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு வாசிக்கத் தெரியாதபடியால் அதைப்பற்றி முறைப்பாடு இல்லை. வருகிற இருபதாம் திகதி ஒரு பெரியவர் வந்து எங்கள் வீட்டைத் திறக்கப்போவதாக அறிகிறோம். கதவில்லாத வீட்டை எப்படித் திறப்பார் என்று பார்க்க எங்கள் குட்டிகள் ஆவலாக உள்ளன. அன்றைக்கு மட்டும் லொறியில் ஐஸ் வருமாம். ஒரு நாளைக்கு நாங்கள் வெளியே நிற்கத் தயார். அடுத்த நாள் ஐஸ் உருகி ஓடியதும் திரும்பி வர அனுமதி தரவேண்டும். ஓடிய தண்ணீரைக் குடிப்பதற்கு வரி கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறோம்.’

நானூறு போன இடத்தில் நாற்பத்துநாலு என்ன செய்யும் என்று மாஸ்ரருக்குக் கவலை. கடற்கரையில் அதற்கு வழி இருந்தது. ஒரு வலை வளைத்துக் கரை ஏறுகிற வரைக்கும் அடுத்த முறைக்காரர் மணலில் காத்திருக்கவேண்டும். அந்த நேரத்தில் செபமாலை என்கிறவர் தாளை விரித்தார். தவசு காலத்தில் கோவிலில் பசாம் வாசிக்கிறவர் செபமாலை. ஆண்டவருடைய பாடுகளை ஊரை அழவைத்து வாசிக்கிற அதே இழுவைக் குரலில் கழுதையின் கடிதத்தை வாசித்தார். ‘வரி கேட்கமாட்டீர்கள்’ என்ற இடத்தில் குரல் தழுதழுத்தது. கயிறு இழுத்தவர்கள் அம்பாப் பாட்டை விட்டுவிட்டு மணலில் விழுந்து சிரித்தார்கள். வலை பத்து நிமிடம் கடலிலேயே நின்றது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஏசவில்லை, அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னேரத்துக்குள் தாள்கள் பேசாலைக்கும் எருக்கலம்பிட்டிக்கும் தோட்டவெளிக்கும் போய்விட்டன.

ஒன்று தலைவரின் கைக்கும் போனது.

அவர் முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போய் மாஸ்ரர் வரவு பதிகிற இடாப்பை வாங்கி எழுத்தை ஒப்பிட்டார். பொருந்தவில்லை. ஒரு பொம்பிளையின் கையாக இருக்கும் என்று அவருக்குக் கடைசிவரை தோன்றவில்லை. சபை லிகிதர்தான் அந்த மையைத் தெரிந்தவர். இப்படிப் பிரதி எடுத்தவனின் கையில் நிறம் கட்டாயம் இருக்கும், கழுவினால் எளிதில் போகாது என்று சொல்லிக்கொடுத்தார். தலைவர் பொலிசில் முறைப்பாடு வைத்தார். அச்சிட்டவர் பெயரில்லாத பத்திரிகை சட்டவிரோதம். நாளைக் காலையில் இன்ஸ்பெக்டர் கடற்கரைக்கு வருவார், ஊரவர் எல்லாரும் கையைக் காட்டவேண்டும் என்று பறை அடிக்காத குறையாகச் சொல்லித் திரிந்தார்.

லூசியாவின் கை மணிக்கட்டு வரைக்கும் ஊதா. தேசிக்காய் போட்டாள், சாம்பல் போட்டாள், மண்ணெண்ணெய் போட்டாள். தோல்தான் எரிந்தது. மாஸ்ரர் இரண்டு நாளைக்குப் பட்டினத்துக்குப் போய் இரு என்றார். அவள் யோசித்துப் பார்த்தாள். ஒளித்தால் அதுவே சாட்சி. அவருடைய வேலையும் போகும், ‘கழுதை’யும் போகும்.

“நான் கடற்கரைக்குப் போறன்,” என்றாள். “என்னைப் பிடிச்சா நான்தான் எழுதினனான் எண்டு சொல்லுவன். உங்களுக்குத் தெரியாதெண்டு சொல்லுங்கோ.”

மாஸ்ரர் அவள் கையிலிருந்து மண்ணெண்ணெய்த் துணியை வாங்கி வைத்தார். “நானும் வாறன்,” என்றார். “தெரியாதெண்டு மட்டும் சொல்லமாட்டன். இவ்வளவு நாளும் உனக்குச் சேரவேண்டியதை நான் வாங்கிக்கொண்டு திரிஞ்சனான்.”

காலையில் மாஸ்ரரோடு பனங்கூடலைக் கடந்து கரைக்கு வந்த லூசியா அப்படியே நின்றுவிட்டாள். வலைக் குவியலுக்குப் பக்கத்தில் அப்போதிக்கரி யோகராசா ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஊதா மருந்துப் போத்தல்கள். அவருக்கு முன்னால் ஊர் வரிசை. கயிறு அறுத்த கை வந்தது, அறுக்காத கையும் வந்தது. காயம் எங்கே என்று யோகராசா யாரையும் கேட்கவில்லை. பஞ்சை நனைத்து நனைத்துப் பூசினார். சம்மாட்டி நின்றார், தேத்தண்ணிக் கடைக்காரர் நின்றார், கோவிலில் மணி அடிக்கிற சங்கிலித்தாமும் நின்றார். தலைவரின் சொந்த மச்சான் இரண்டாந்தரம் பூசிக்கொண்டு போனான்.

இன்ஸ்பெக்டர் சிங்களவர், தமிழ் ஓரளவு பேசுவார். தலைவரோடு வந்து இறங்கி முதல் ஆளின் கையை விரித்தார். ஊதா. இரண்டாவது ஆள் ஊதா. பத்தாவது ஆளுக்குப் பிறகு அவர் குனிவதை விட்டுவிட்டார். தலைவரின் கண் மட்டும் ஓடிக்கொண்டே வந்து லூசியாவிடம் நின்றது.

“இஞ்ச பாருங்கோ, சேர். கயிறு பிடிக்கிறவைக்கு உள்ளங்கையிலதான் நிறம். இவவுக்கு மணிக்கட்டு வரைக்கும் கிடக்கு.”

லூசியா வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் சம்மாட்டியின் மனைவி அருள்நாயகி வந்துவிட்டாள். முழங்கை வரைக்கும் ஊதாவான கைகளை நீட்டினாள்.

“மீன் கூடைக்குள்ள கையை விட்டா எந்த மட்டும் முள்ளுக் குத்தும் எண்டு தலைவருக்குத் தெரியாதுதானே,” என்றாள் அமைதியாக. “ஒரு நாளைக்கு விட்டுப் பாருங்கோ.”

அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் எல்லாரும் கையை நீட்டினார்கள். மணிக்கட்டு, முழங்கை, ஒருத்திக்குத் தோள் வரைக்கும். இன்ஸ்பெக்டர் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு திரும்பி, மரியாதையாக, “உங்கட கையக் காட்டுங்க, மிஸ்டர் சிங்கராசா,” என்றார்.

தலைவர் என்ன செய்வது என்று தெரியாமல் காட்டினார். வெள்ளையாக, மெத்தென்று, ஒரு கீறல்கூட இல்லாத கை. பொலிசை விட்டால் அந்தக் கடற்கரையில் நிறமில்லாத கை அது ஒன்றுதான். பிறகு செபமாலை தொடங்கிவைத்த சிரிப்பு கரை முழுக்கப் போனது. இன்ஸ்பெக்டரும் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அவர் போவதற்கு முன் சட்டைப் பையிலிருந்து ஊதாத் தாளை எடுத்து, இதில் எழுதியிருக்கிற வீடு எது என்று கேட்டார். சனமே கூட்டிக்கொண்டு போனது. ஐஸ் அறைக்குள் ஐந்து கழுதைகள் நின்றன. இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, புத்தகத்தில் என்னவோ நீளமாக எழுதினார். அவர் எழுதியது எங்கெங்கே போனதோ, இருபதாம் திகதி கொழும்பிலிருந்து ஒருவரும் திறக்க வரவில்லை. இருபத்தைந்தாம் திகதி இரண்டு பேர் வந்தார்கள், கணக்குப் புத்தகங்களைப் பார்க்க. மாரி தொடங்குவதற்குள் யந்திரமும் வந்தது, கதவும் வந்தது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று காலை பொலிஸ் ஜீப் பனங்கூடலுக்குள் மறைந்ததும், தலைவரின் காரும் போனதும், சனம் மறுபடி கயிற்றடிக்கு வந்தது. மாஸ்ரர் ஏதோ சொல்லத் தொண்டையைச் செருமினார். செபமாலை அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்ற லூசியாவைத்தான் பார்த்தார். சம்மாட்டியும் அவளைத்தான் பார்த்தார், அருள்நாயகியும், யோகராசாவும். கரை முழுக்க அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றது. எவ்வளவு காலமாகத் தெரியுமோ, இவ்வளவு பேருக்கும் தெரிந்திருந்தது.

“அப்ப பிள்ளை,” என்றார் செபமாலை, “கழுதை இனி எப்ப எழுதும்?”

லூசியாவுக்குக் கண் நிறைந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. துடைத்தால் முகமும் ஊதாவாகும்.

“ஞாயித்துக்கிழமை,” என்றாள். “பூசை முடிய வாங்கோ, எல்லாருக்கும் தாறன்.”